மிதமான கடல்

'மிதமான' என்ற சொல்லை அன்று காலை அவள் தன் கையாலேயே எழுதினாள். மதியத்துக்குள் அந்தச் சொல்லின் கழுத்தைப் பிடித்து நெரித்தால் தேவலை போலிருந்தது.

அவள் வானிலை நிலையத்தில் கடல் அறிக்கை எழுதுகிறவள். ஊருக்குள் அவளுக்குப் புயலக்கா என்று பெயர். அது மரியாதைப் பெயர் இல்லை. போன மாதம் புயல் வருகிறது என்று அவள் எழுதினாள். கடைகளை அடைத்தார்கள், பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள், லாஞ்சுகளை இழுத்துக் கட்டினார்கள். புயலோ கடைசி நேரத்தில் மனம் மாறி வேறு பக்கம் போய்விட்டது. அன்று அடித்த வெயிலில் மொட்டைமாடியில் போட்ட போர்வைகூட அப்பளம் மாதிரி காய்ந்தது. அன்றிலிருந்து பால்காரர்கூட, "என்ன புயலக்கா, நாளைக்குப் பால் ஊத்தலாமா, இல்ல பறந்து போயிடுவோமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

ஏழு தீவுகள் வடக்கிலிருந்து தெற்காகக் கைதவறிச் சிந்திய பருக்கைகள் மாதிரி வரிசையாகக் கிடக்கின்றன. வடகோடியில் இருப்பது பெரிய தீவு. துறைமுகம், மருத்துவமனை, வானிலை நிலையம் எல்லாம் அதில்தான். இந்த வரிசைக்கு மேற்கே ஆழமில்லாத உள்கடல். கிழக்கே அடி தெரியாத பெருங்கடல். தெற்குத் தீவுகளிலிருந்து புறப்படும் லாஞ்சு உள்கடல் வழியாகவே பெரிய தீவுவரை வர முடியாது. பாதி வழியில் பாறையும் மணல்திட்டும் மறிக்கும். அதனால் மூன்றாம் தீவுக்கும் நான்காம் தீவுக்கும் நடுவே இருக்கும் குறுகிய இடைவெளியில் நுழைந்து, பெருங்கடலுக்கு வந்து, அப்புறம் வடக்கே திரும்ப வேண்டும். அந்த இடைவெளியைத் தொண்டை என்பார்கள்.

அந்த வாரம் வானம் ஒரு நிலையில் இல்லை. ஒரு தீவில் சாக்கடை நிரம்பி வழியும். பக்கத்துத் தீவில் நாய் நிழல் தேடும். காயப்போட்ட துணியை எடுப்பதும் போடுவதுமாகவே பொழுது போனது. அவளுக்கு இந்த மழைகளைப் பற்றிக் கவலை இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது காற்றழுத்தமானியை. இந்த வெப்பக் கடல்களில் காற்றழுத்தம் தினமும் மூச்சு விடுவதுபோல இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். கடிகாரம் தோற்றுவிடும், அத்தனை ஒழுங்கு. அந்த மூச்சு தடுமாறினால்தான் பக்கத்தில் ஏதோ கோளாறு என்று பொருள். மூச்சு தடுமாறவில்லை. பக்கத்தில் ஒன்றுமில்லை.

தூரத்தில் இருந்தது. வெகு தூரத்தில், இவர்கள் யாரும் கண்ணால் பார்க்கப்போகாத ஒரு புயல் கடலைப் பிசைந்துகொண்டிருந்தது. அதன் காற்று இங்கே வராது, மேகமும் வராது. அலை மட்டும் வரும். பெரிய கூட்டம் ஒரே வாசலிலிருந்து கிளம்பினால் நீளக்கால்காரர்கள் முந்திக்கொண்டு போய்விடுவார்கள் இல்லையா, கடலிலும் அப்படித்தான். நீளமான அலைகள் குட்டையான அலைகளை விட்டுவிட்டு முன்னால் ஓடிவரும். ஆகவே ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு அதிகமோ, அவ்வளவு தொலைவிலிருந்து, அவ்வளவு பலத்தோடு அது வருகிறது. கிழக்கே மிதக்கும் அளவைமிதவை இந்த இடைவெளியையும் உயரத்தையும் நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அன்று உயரம் இரண்டு மீட்டர். இடைவெளி பதினான்கு விநாடி. சாவகாசமாக ஒரு கொட்டாவி விட்டு முடிக்கலாம்.

அறிக்கையில் எழுத ஒரு அட்டவணை உண்டு. உயரத்துக்கு ஒரு சொல். அமைதி, லேசான, மிதமான, கொந்தளிப்பு, கடும் கொந்தளிப்பு. அந்த அட்டவணையில் 'மிதமான' என்றால் மார்பளவு அலையில் தொடங்கி, ஆள் கையை மேலே தூக்கி நின்றாலும் மூழ்கடிக்கும் அலைவரை. இரண்டு மீட்டர் அதற்குள் அடங்கும். அவள் எழுதினாள். வானொலி வாசித்தது. 'கொந்தளிப்பு' என்ற சொல் வந்தால்தான் லாஞ்சு கம்பெனி படகுகளை நிறுத்தும். அதற்குக் கீழே எது வந்தாலும் கிளம்பு என்பது கம்பெனியின் சட்டம்.

எழுதி முடித்துத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன் வந்தது.

"அடியே, பெட்டியெல்லாம் கட்டியாச்சு. மதிய லாஞ்சுல வரேன். உங்க அத்தான்தான் ஓட்டுறார்."

அக்கா தெற்குத் தீவில் வாக்கப்பட்டவள். நிறைமாதம். பிரசவத்துக்குப் பெரிய தீவு மருத்துவமனைக்கு வந்து தங்கவேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரமாகிறது. மழை விட்டால் வருகிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கா? இன்னிக்கு ஏன் வர?"

"நல்லாருக்கே கதை! நீதானே மிதம்னு சொல்லியிருக்க. வானொலியில கேட்டேன். என் தங்கச்சி சொல்லி நான் கேக்காம இருப்பேனா?"

அவள் தேநீரைக் கீழே வைத்தாள். மதிய லாஞ்சு புறப்படுவதே தண்ணீர் வடியும் நேரத்தைப் பார்த்துத்தான். ஏற்றத்தில் உள்கடலுக்குள் நிரம்பிய தண்ணீரெல்லாம் வற்றத்தில் தொண்டை வழியாகத்தான் கிழக்கே வெளியேறும். அந்த ஓட்டம் லாஞ்சைத் தானே தூக்கிக்கொண்டு போகும். டீசல் மிச்சம். மற்ற நாட்களில் அதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஆனால் ஓட்டம் கிழக்கே போகும்போது அலை கிழக்கிலிருந்து வந்தால்? சந்தில் வரிசையாக வருகிறவர்களை எதிரிலிருந்து ஒரு கூட்டம் தள்ளினால் என்ன ஆகும்? முன்னால் வருகிறவன் நிற்பான், பின்னால் வருகிறவன் அவன்மேல் ஏறுவான். அலையும் அப்படியே. நீளமாகப் படுத்து வந்தது சுருங்கும், சுருங்கினால் உயரும், உயர்ந்தால் செங்குத்தாக நிற்கும், நின்றால் உடையும். வெளியே இரண்டு மீட்டர் இருக்கும் அலை தொண்டைக்குள் அதைப்போல இரண்டு மடங்கு நிற்கும். ஓட்டமோ படகை அதன் வாய்க்கே கொண்டுபோய்க் கொடுக்கும். உள்ளே நுழைந்தபின் திருப்ப முடியாது.

"போனை அத்தான்கிட்ட குடு."

அத்தான் போனை வாங்கியதோடு நிற்காமல் ஒலிபெருக்கியிலும் போட்டுவிட்டார் என்பது பின்னால் கேட்ட சிரிப்பில் தெரிந்தது. படகுத்துறையில் பயணிகள் கூடியிருந்தார்கள்.

"சொல்லு மச்சினி. சுனாமியா, பூகம்பமா?"

"அத்தான், வெளையாட்டு வேணாம். இன்னிக்கு வடியுற நேரத்துல தொண்டைக்குள்ள போகாதீங்க. தண்ணி திரும்பினப்புறம் சாயங்காலமா வாங்க."

"மிதம்னுதானே சொன்ன? மிதமா சக்கரை போட்டா யாருக்காவது வாய் தித்திச்சு மயக்கம் வருமா?"

கொல்லென்று சிரித்தார்கள். யாரோ, "புயலக்கா, போர்வை காயுமா?" என்று கத்தினான்.

"அது வேற மிதம் அத்தான், எங்க அட்டவணையில..."

"இங்க கடல் கண்ணாடி மாதிரி கெடக்கு, மச்சினி. குனிஞ்சு பாத்தா தலை சீவிக்கலாம்."

கண்ணாடி மாதிரித்தான் இருக்கும். அவருடைய படகுத்துறை மேற்கே, உள்கடலைப் பார்த்து நிற்கிறது. கிழக்கு அலைக்கு நடுவே ஒரு தீவே மறைப்பாகக் கிடக்கிறது. அவருக்குத் தொண்டையைத் தெரியும், அலை தெரியாது. இவளுக்கு அலையைத் தெரியும், அதைச் சொல்லக் கையில் இருந்த சொல் ஒன்றே ஒன்று. அதையும் காலையிலேயே தவறான அர்த்தத்தில் அனுப்பியாகிவிட்டது. அத்தான் போனை வைத்துவிட்டார்.

அவள் நிலையத் தலைவரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனாள். அவர் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அறிக்கைல மிதமானதைக் கொந்தளிப்புன்னு மாத்தணும்."

"உயரம் மாறியிருக்கா?"

"இல்ல."

"அப்ப சொல் எதுக்கு மாறணும்?"

தொண்டையைப் பற்றிச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"தொண்டைக்குள்ள நம்ம கருவி இருக்கா?"

"இல்ல."

"கருவி இல்லாத இடத்துல அலை எவ்வளவுன்னு யாரு அளந்தா?"

"கணக்குப் போட்டாத் தெரியுது ஐயா."

"போன மாசமும் கணக்குதான் போட்டோம். ஊரே நம்மளைப் பாத்துச் சிரிச்சுது." மூடி டப்பென்று திறந்தது. "இங்க பாரும்மா. ஆளாளுக்குத் தோணின சொல்லை எழுத ஆரம்பிச்சா, அப்புறம் எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் இருக்காது. அட்டவணை அதுக்குத்தான்."

அவர் சொன்னது சரி. அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

"அர்த்தமா? குழந்தையைக் குளிப்பாட்ட மிதமா தண்ணி வைன்னா ஊர்ல என்ன ஐயா வைப்பாங்க? ஆளை முழுங்குற அலைக்கு அந்தப் பேரை வெச்ச புண்ணியவான் யாரு?"

"குழு போட்டுத்தான் வெச்சாங்க." அவர் ஒரு கவளம் எடுத்தார். "நானும் இருந்தேன் அதுல. மொத்தச் சொல்லையும் ஒரே காலையில முடிச்சோம்."

"சாப்பாட்டுக்கு முன்னாடியே முடிச்சிருப்பீங்க."

கவளம் பாதியில் நின்றது. அவர் பதில் சொல்வதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

கீழே வானொலி அறை. படகுகளோடு பேசும் கருவி அங்கேதான். அதன்முன் உட்கார்ந்திருந்தவரைக் கரகரப்பு என்பார்கள்; கருவியோடு பழகிப் பழகி அவர் குரலும் கருவி மாதிரியே ஆகிவிட்டிருந்தது. அறிக்கையைப் படகுகளுக்கு வாசிப்பது அவர் வேலை. எழுதியதை வாசிப்பார். ஒரு எழுத்து கூடாது, குறையாது.

"எழுந்திரிங்கண்ணே."

"தலைவர் கையெழுத்து இருக்கா?"

"அக்கா லாஞ்சுல ஏறிட்டாண்ணே. இந்நேரம் பாதி தூரம் வந்திருக்கும்."

கரகரப்பு அவள் முகத்தைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தபடியே நாற்காலியைச் சுவரோரமாக உருட்டிக்கொண்டார்.

இந்தக் கருவியில் ஒரு விசேஷம். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. ஒருவர் அழுத்திப் பிடித்திருக்கும்வரை மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்கத்தான் வேண்டும். கோபக்காரர்களுக்கென்றே செய்த கருவி.

"எல்லாப் படகுகளுக்கும். வானிலை நிலையம் பேசுது. காலைல மிதமான கடல்னு சொன்னோம். அதை மறந்துடுங்க. தண்ணி வடியுற நேரத்துல யாரும் தொண்டைக்குள்ள போகாதீங்க. உள்ள அலை உங்க படகோட கூரைக்கு மேல நிக்கும். தெற்குத் தீவு லாஞ்சு, கேக்குதா? அத்தான், எங்க இருக்கீங்க?"

விட்டாள். இரைச்சல். பிறகு அத்தானின் குரல், பின்னால் என்ஜின் சத்தத்தோடு.

"நாலாம் தீவு ஓரமா வரேன். தொண்டை வாய் தெரியுது. என்ன மச்சினி, காலைல மிதம், மத்தியானம் கூரையா? காலைல எழுதினது யாரு, என் மாமியாரா?"

அந்தப் பக்கம் பயணிகள் சிரிப்பது கேட்டது. அத்தானும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"வாயை மூடு! சிரிப்பு என்ன வேண்டிக்கெடக்கு உனக்கு? வயித்துப் புள்ளையோட எங்க அக்காவை ஏத்திக்கிட்டுச் செத்துப்போகவா கிளம்பியிருக்க? உன் கம்பெனியும் மிதமும் நாசமாப் போக! திருப்புடா படகை!"

பொத்தானை விட்டாள். கரகரப்பு நாற்காலியோடு இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். அக்கா புருஷனை நிமிர்ந்து நின்று 'நீ' என்று சொன்னதில்லை அவள், கல்யாணமான நாளிலிருந்து. இப்போது ஒரு 'டா' ஏழு தீவுகளையும் சுற்றி, மீன்பிடிப் படகு, மணல் படகு, தண்ணீர்ப் படகு எல்லாவற்றிலும் இறங்கி உட்கார்ந்திருந்தது.

கருவி இரைந்தது. பிறகு அத்தான் பேசினார். குரலில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. லாஞ்சு ஓட்டுகிறவனின் குரல்.

"எந்தப் பக்கத்துலேருந்து வருது?"

"நேர் கிழக்கு."

"எத்தனை விநாடிக்கு ஒண்ணு?"

"பதினாலு."

அழுத்திய பொத்தானை விடாமலே அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அதுவும் ஏழு தீவுகளையும் சுற்றியது. அதற்குப் பின்னால் என்ஜினின் சத்தம் உறுமி, தாழ்ந்து, வேறு சுருதிக்கு மாறியதை அவள் கேட்டாள். அப்புறம் வெறும் இரைச்சல். அவள் நாற்காலி இல்லாமல் தரையில் உட்கார்ந்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை.

கரகரப்பு குனிந்து சொன்னார். "திருப்பும்போது ரெண்டு கையும் சுக்கான்ல இருக்கணும்மா. பொத்தானை எதால அழுத்துவான்?"

ரொம்ப நேரம் கழித்து, நான்காம் தீவின் உள்பக்கத்தில் நங்கூரம் போட்டாயிற்று, தண்ணீர் திரும்பியதும் வருகிறோம் என்று ஒரு வரி வந்தது. அவள் எழுந்து முகம் கழுவப் போனாள்.

சாயங்காலம் படகுத்துறைக்குப் போனாள். லாஞ்சு ஆடாமல் அசையாமல் வந்து சேர்ந்தது. அதில் ஆச்சரியமில்லை. ஏற்றம் தொடங்கியதும் ஓட்டமும் அலையும் ஒரே திசையில் போகும். நின்றிருந்த அலை மறுபடி நீளமாகப் படுத்துவிடும். தொண்டை சமர்த்தாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கும். கடல் இப்படித்தான் தடயத்தை அழிக்கும்.

இறங்கிய பயணிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு சொட்டுத் தண்ணி மேல படலை. அரை நாள் புழுக்கத்துல உக்கார வெச்சிட்டாங்க," என்றாள் ஒருத்தி. போர்வைக்காரன் குரல் கொடுத்தான். "புயலக்கா, இது எந்தப் புயல்?"

"புயல் இல்லைப்பா," என்று பின்னாலிருந்து சொன்னார் அத்தான், யாரையும் பார்க்காமல். "என்ஜின்ல கோளாறு. அதான் நிறுத்தினேன்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அத்தானின் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை உப்புப் பூத்திருந்தது. சுக்கான் அறையின் முன்கண்ணாடியில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. வாய்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் திருப்பியிருக்கிறார். பின்பக்கம் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு குலுக்கலுக்கு மேல் தெரிந்திருக்காது.

"என்ஜின் கோளாறா?" என்றாள்.

"பின்ன? மச்சினி ஏசினா, பயந்து திருப்பிட்டேன்னு சொல்லவா? நாளைக்கு என் படகுல எவன் ஏறுவான்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா வந்துவிட்டாள். ஒரு கை இடுப்பில், ஒரு கையில் பை.

"ஊரே கேக்குற மாதிரி என் புருஷனை டா போட்டியாமே?"

"போட்டேன். இல்லேன்னா..."

"வேற பேச்சே வேணாம். டா! என் மாமனார் தண்ணிப் படகுல இருந்து கேட்டுக்கிட்டிருந்திருக்காரு. மூஞ்சிய எங்க கொண்டு வெச்சுக்குவேன் நான்?"

"மூஞ்சி இருக்குல்ல, வெச்சுக்கறதுக்கு? இருக்குல்ல?"

அக்கா பையை அவள் கையில் திணித்தாள். இருவரும் மருத்துவமனைக்கு நடந்தார்கள். பை கல்லாகக் கனத்தது. குழந்தைத் துணியா, கடப்பாரையா என்று கேட்க வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையிலும் மிதவை அதையே சொன்னது. இரண்டு மீட்டர், பதின்மூன்று விநாடி. வற்றமும் மதியத்தில்தான். அவள் 'மிதமான' என்று எழுதி, கீழே தொண்டையைப் பற்றி ஒரு வரி சேர்த்தாள். தலைவர் அந்த ஒரு வரியை மட்டும் அழகாக அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நேற்றைய கூத்துக்கு அவளிடம் விளக்கம் கேட்கப்படும் என்றும் சொன்னார். அவள் தாளை வாங்கிக்கொண்டு கீழே போய்க் கரகரப்பின் முன் வைத்தாள்.

அவர் எழுதியபடியே வாசித்தார். "கடல் மிதமாகக் காணப்படும்." பொத்தானை விட்டார். வழக்கமாக அதற்குப்பின் இரைச்சல்தான் வரும்.

"கரகரப்பண்ணே," என்றது அத்தானின் குரல். "பக்கத்துல மச்சினி இருக்காளா?"

கரகரப்பு ஒலிவாங்கியை அவள் பக்கம் தள்ளினார். அவள் தொடவில்லை.

"மச்சினி, எந்தப் பக்கம், எத்தனை விநாடின்னு சொல்லு."

அவள் பொத்தானை அழுத்தினாள். "மொதல்ல என்ஜின் எப்படி இருக்குன்னு சொல்லுங்க அத்தான்."

இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் ஏழு தீவுகளின் படகுகளும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"என்ஜின் நல்லாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். "நேத்தும் நல்லாத்தான் இருந்துச்சு. அலை கண்ணாடியை ஒடைச்சுது, திருப்பினேன். அதுக்கு முன்னாடி நீ சொல்லி வேகத்தைக் கொறைச்சிருந்தேன், அதனாலதான் திருப்ப முடிஞ்சுது. போதுமா?"

யாரோ ஒரு மீன்பிடிக்காரர் நடுவே புகுந்தார். "குடும்பச் சண்டையை அப்புறம் வெச்சுக்குங்கப்பா. புயலக்கா, எத்தனை விநாடி? நானும் அந்தப் பக்கம்தான் போறேன்."

போதாது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தலைவர் வந்து நின்றிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே அவள் பொத்தானை அழுத்தினாள்.

"நேர் கிழக்கு. பதிமூணு விநாடி. வடியுறப்போ தொண்டைக்குள்ள போகாதீங்க. மிதம்னு இப்பக் கேட்டீங்களே, அது எங்க அட்டவணையோட மிதம். உங்களோடது இல்ல."

விட்டாள்.

"இதெல்லாம் அறிக்கை கிடையாது," என்றார் தலைவர்.

"ஆமா ஐயா," என்றாள். "பேச்சு."